டெபாசிட் காலி!

போன மாசம் வாடகை வீட்டைக் காலி பண்ணினேன். பெயிண்டுக்கு, உடைஞ்ச குழாய்க்கு என்று பிடித்தது போக, ஓனர் திருப்பிக் கொடுத்தது பாதி அட்வான்ஸ்தான். ஃபோனில் புலம்பினால் அப்பா சிரிக்கிறார்: "என்னடா, டெபாசிட் காலியா?"

ஒரே வார்த்தை, எத்தனை வேலை செய்யுது பாருங்க! லத்தீன் வேருக்கு 'கீழே வைப்பது' என்று பொருள். பேங்கில் போட்டால் வட்டி வரும். கேஸ் சிலிண்டருக்குக் கட்டினால் வட்டி கிடையாது, கனெக்‌ஷனை ஒப்படைத்தால் காசு திரும்ப வரும். தேர்தலில் கட்டினால் மட்டும் அது மானப் பிரச்சினை. இலங்கைத் தமிழர்கள் அதை அழகாகக் 'கட்டுப்பணம்' என்கிறார்கள்.

இது பிரிட்டனில் 1918-ல் வந்த ஏற்பாடு. 150 பவுண்டு கட்டணும், எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்கலைன்னா போச்சு. விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கத்தான். நம்ம ஊரில் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதை ஆறில் ஒரு பங்கு ஆக்கியது. லோக்சபாவுக்கு 500 ரூபாய், சட்டசபைக்கு 250. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி.

நாற்பத்தஞ்சு வருஷம் அந்தத் தொகை மாறவே இல்லை. 1996-ல்தான் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் வெடித்தது. எங்க கோரிக்கையை யாரும் கண்டுக்கலைன்னு விவசாயிகள் கூட்டங்கூட்டமாக மனு போட, ஒரே தொகுதியில் 1033 வேட்பாளர்கள்! ஓட்டுச்சீட்டு புத்தகம் மாதிரி ஆனது. தேர்தலையே தள்ளி வைத்தார்கள். அதே வருஷம் ஆந்திராவின் நல்கொண்டா லோக்சபா தொகுதியில் 480 பேர்.

ஜெயிக்கணும்னு அவங்க நிற்கலை. 250 ரூபாய் திரும்ப வராதுன்னு தெரிஞ்சேதான் கட்டினாங்க. இழப்பதற்கென்றே கட்டிய டெபாசிட் அது!

பதில் உடனே வந்தது. கோரிக்கைக்கு இல்லைங்க, டெபாசிட்டுக்கு! 1996-லேயே சட்டசபைக்கு 5,000, லோக்சபாவுக்கு 10,000 ஆனது. 2010-லிருந்து 10,000, 25,000.

2013-ல் நோட்டா வந்தது. காசில்லாமல் கோபத்தைக் காட்டலாம். ஆனா நோட்டாவில் உங்க பேர் இருக்காது. மொடக்குறிச்சி சீட்டில் 1033 பேரும் தங்கள் பேரை அச்சில் ஏற்றினார்கள்.

விளையாட்டு வேட்பாளரைத் தடுக்க ஒரு தொகை வேணும்தான், ஒத்துக்கறேன். ஆனா பணக்காரனின் விளையாட்டுக்கு 10,000 ஒரு தடையா? கூலி வேலை செய்றவருக்கு அது ஒரு மாச வருமானம்.

என் பாதி அட்வான்ஸ் போனது வருத்தம்தான். ஆனாலும் டெபாசிட் இழந்தவர்களைப் பார்த்து இனிமே சிரிக்கிறதா இல்லை.