காற்கூறு ஆசானிடம்: இசைப்பதிவுக் கல்வி கடந்து வந்த வழி

பாடுவது ஒரு கலை. பாடியதைக் காலத்தால் அழியாது பதிந்து வைப்பது மற்றொரு கலை. முன்னது மனிதன் தோன்றிய நாள்தொட்டு வருவது. பின்னதற்கு வயது நூற்றைம்பது ஆண்டுக்குள்தான். 1877இல் எடிசன் போனோகிராப் கருவியைப் படைத்த பின்னரே அது பிறந்தது. பாட்டையும் பக்க இசையையும் தனித்தனியே பதிந்து, அளவு திருத்தி, ஒன்றோடொன்று கலந்து, கேட்போர் செவிக்கு முடிந்த பாடலாக ஆக்கித் தரும் இத்தொழிலை இன்று 'மியூசிக் புரொடக்ஷன்' என்கிறார்கள். இசைப்பதிவுக் கலை என்று நாம் சொல்லலாம். இக்கலையைக் கற்க விழைந்தோருக்கு வாயில் எவ்வாறு அடைபட்டிருந்தது, எவ்வாறு சிறிது சிறிதாகத் திறந்தது, திறந்த பின்னும் எஞ்சி நிற்பது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

திரைக்குப் பின்னே

1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் இந்தியக் கலைஞர்களின் பாட்டைப் பதிந்தார். புகழ்பெற்ற கௌஹர் ஜான் அவ்வாறு பாடியவர்களுள் ஒருவர். பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பது அவர் வழக்கம். பதிந்த தட்டுகள் அச்சிடப்படுவதற்காக ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றன. அங்குள்ளோர் பாடியவர் யாரென அறிவதற்கு அவ்வறிவிப்பு உதவிற்று.

மின்னாற்றல் வழிப் பதிவு 1925இல்தான் வழக்கிற்கு வந்தது. அதுவரை பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழலின் வாயில் முகத்தை நெருக்கி உரக்கப் பாட வேண்டும். குழலின் வாய் மட்டுமே பாடுவோர் கண்ணுக்குத் தெரியும். பதிவுக் கருவியோ தடுப்புச் சுவருக்கோ திரைக்கோ பின்னால் இருக்கும். போட்டிக் கம்பெனியார் நுட்பத்தை அறிந்துகொள்வர் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆகவே தம் குரல் எவ்வாறு தட்டில் ஏறுகிறது என்பதைப் பாடியவரே அறியார். இக்கலையின் தொடக்க வரலாறே மறைத்து வைத்தலின் வரலாறு எனலாம்.

பணியிடமே பள்ளி

பின்னர்ப் பெரும் ஒலிப்பதிவுக் கூடங்கள் எழுந்தன. லண்டன் அபே ரோடு கூடம் 1931இல் திறக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் தொழில் கற்கும் முறை ஏறக்குறைய நம் குருகுல முறையே. ஜெப் எமெரிக் என்பார் 1962இல், தம் பதினாறாம் வயதில், அங்கு உதவியாளராகச் சேர்ந்தார். மூத்தோர் செய்வதை அருகிலிருந்து பார்ப்பதே அவருக்குப் பாடம். 1966இல், இருபதாம் வயதில், பீட்டில்ஸ் குழுவினரின் முதன்மை ஒலிப்பொறியாளரானார். மறு ஆண்டு அக்குழுவினர் வெளியிட்ட சார்ஜன்ட் பெப்பர் இசைத்தட்டு, நான்கு தடம் மட்டுமே கொண்ட நாடா இயந்திரங்களில் பதியப்பெற்றது. ஒரு தலைமுறைக்குப் பின் வந்தோர் அத்தட்டைக் கேட்டே பாடம் பயின்றனர்.

குருகுலத்தின் சிறப்பு இது, குறையும் இதுவே. கூடத்தினுள் இடம் பெற்றவன் கற்றான். வாயிலில் நின்றவன் வாயிலிலேயே நின்றான். இந்நிலையை மாற்ற முறையான பட்டப் படிப்புகள் பிறந்தன. ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் எரிக் தீன்ஹாஸ் 1949இல் 'டோன்மைஸ்டர்' கல்வியைத் தொடங்கினார். இசையும் இயற்பியலும் ஒருங்கே கற்ற ஒலி வல்லுநரை உருவாக்குவது அதன் நோக்கம். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 1970இல் அதனைப் பின்பற்றியது. நம் நாட்டில் 1960இல் நிறுவப்பெற்ற பூனாத் திரைப்படக் கல்லூரியும், சென்னைத் தரமணித் திரைப்படக் கல்லூரியும் ஒலிப்பதிவைப் பாடமாக வைத்தன. பூனாவில் பயின்ற ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கார் பரிசு பெற்றதை நாம் அறிவோம். எனினும் இவ்விடங்களில் ஆண்டுதோறும் சேரக்கூடியவர் சிலரே.

கருவி எளிதாதல்

கல்வி பரவுதற்கு முன் கருவி பரவ வேண்டும். அதற்கு வழிகோலியது ஒரு பெருந்தன்மை. வெவ்வேறு கம்பெனிகளின் மின்னணு இசைக்கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் 'மிடி' என்னும் பொதுமொழி 1983இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதனை உருவாக்க முன்னின்றவர்கள் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுடாரோ காகெஹாஷியும் ஆவர். அதனைப் பயன்படுத்துவோரிடம் உரிமைத் தொகை வாங்குவதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. வாங்கியிருந்தால் அது ஒரு கம்பெனியின் சரக்காகவே முடிந்திருக்கும். வாங்காமையால் உலக வழக்காயிற்று.

1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே ஏ.ஆர். ரகுமான் பஞ்சதன் பதிவகத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ரோஜாவின் இசை, வீட்டையொட்டிய கூடமும் பெருங்கூடத்துக்கு ஈடாகும் என்பதை நாட்டுக்குக் காட்டியது. எனினும் அன்றைய கருவிகள் எளியோர் வாங்கும் விலையில் இல்லை. கணினி வலுப்பெற்ற பின்னரே அந்நிலை மாறிற்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான 'அடாசிட்டி' என்னும் பதிவு மென்பொருள் 2000ஆம் ஆண்டில் எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிடப்பட்டது. கூம்புக் குழலைத் திரையிட்டு மறைத்த காலம் போய், நுட்பத்தின் உட்கூறு வரை திறந்து காட்டும் காலம் வந்தது.

பாடம் பொதுவாதல்

கருவி வந்தது, கற்பிப்பார் யார்? 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை இணையத்தில் யாவர்க்கும் இலவசமாகத் தரப்போவதாக அறிவித்தது. 2003இல் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக்கல்லூரி, தன் இசைப் பாடங்கள் சிலவற்றைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் இசைவு தந்து வெளியிட்டது. அதே கல்லூரி 2013இல் 'கோர்செரா' தளத்தின் வழியாக லௌடன் ஸ்டெர்ன்ஸ் என்னும் ஆசிரியர் நடத்திய இசைப்பதிவு அறிமுகப் பாடத்தை உலகுக்கு அளித்தது. நம் நாட்டிலும் ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். பாடங்களும், 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளமும் பல துறைகளில் இத்தகைய பணியைச் செய்கின்றன.

பெர்க்லிப் பாடம் ஆறு வாரம் கொண்டது. ஒலியின் இயல்பும் அது ஒலிவாங்கியிலிருந்து செல்லும் வழியும், கணினியில் பதியும் முறை, ஒலிக்கலவைப் பலகை, ஒலியின் ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்துதல், வடிப்பானும் எதிரொலியும், மின்னணு ஒலியாக்கி என்று படிப்படியாக அது ஏறிச் சென்றது. சான்றாக ஒன்று சொல்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகச் செல்கிறது. ஒரே குரலை இரண்டு ஒலிவாங்கிகள் வாங்கும்போது ஒன்று ஓரடி தள்ளி நின்றாலும் அவ்விரு பதிவுகளும் ஒன்றையொன்று சிதைத்துக் குரலை வெறுமையாக்கக்கூடும். முன்னாளில் ஓர் உதவியாளன் பல்லாண்டு கூடத்தில் நின்று உணர்ந்த இவ்வுண்மையை, ஒரு மாலைப் பொழுதில் காரணத்தோடு விளங்கிக்கொள்ள முடிந்தது. பகலெல்லாம் கோப்புகளோடு காலங்கழிக்கும் எம்போன்ற அலுவலர்க்கு இது சிறு பேறன்று.

நன்னூலார் வகுத்த கணக்கு

எனினும் கேட்ட மாத்திரத்தில் கலை கைவருமோ? வாராது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் கணக்கிட்டுக் கூறிவிட்டார். ஆசான் உரைத்ததை எவ்வளவு நன்றாக உட்கொண்டாலும் கிடைப்பது கால்பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது நன்னூற் கருத்து.

வியப்பு என்னவெனில், மேற்சொன்ன பெர்க்லிப் பாடமும் இக்கணக்கின்படியே அமைந்திருந்தது. வாரந்தோறும் மாணவர் கற்றவற்றுள் ஒரு பொருளைத் தேர்ந்து, தம் பெயரும் ஊரும் சொல்லி, தம் கருவியைக் காட்டி, சக மாணவர்க்கு அதனைக் கற்பிக்க வேண்டும். அக்கற்பித்தலைச் சக மாணவரே மதிப்பிடுவர். ஆசானுக்குக் கால், தோழர்க்குக் கால், தானே கற்பித்தலுக்கு அரை! பவணந்தியாரைப் பாஸ்டன் நகரத்தார் படித்திருக்க வேண்டுவதில்லை. உண்மை எங்கும் ஒன்றே என்பதற்கு இது சான்று.

இக்கலைக்குத் தோழர் துணை சிறப்பாகத் தேவை. செவி எளிதில் ஏமாறும் புலன். இரண்டு பதிவுகளில் சற்று உரக்க ஒலிப்பதே நல்லது போலத் தோன்றும். நூறு முறை கேட்ட தன் பதிவின் குறை தனக்குத் தெரியாது. முதன்முறை கேட்பவனுக்கு உடனே தெரியும். தனியறையில் கணினிமுன் அமரும் மாணவனுக்குக் கிட்டாதது இத்துணையே. பிற்காலத்தில் கோர்செரா தளம் பல பாடங்களில் மதிப்பீட்டுக்கும் சான்றிதழுக்கும் கட்டணம் விதித்தது. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதற் கால்பங்குதான் என்பதை மறத்தலாகாது.

எஞ்சிய அரைப்பங்கு

இங்கு நம் இசை வரலாற்றில் ஒன்றை நினைவு கூர்தல் தகும். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர், தம் குடும்பத்தார் காத்து வந்த கீர்த்தனைச் செல்வத்தைச் சுரக்குறிப்போடு 1904இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் நூலாக வெளியிட்டார். அவரை அதற்குத் தூண்டியவர் சின்னசாமி முதலியார். அந்நூல் தெலுங்கில் அமைந்தது. சென்னை மியூசிக் அகாதெமியின் வாயிலாக அது தமிழெழுத்தில் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கதவு திறந்திருந்தும் வழி தெரியாது நின்ற தமிழ் மாணவர் எத்தனை பேரோ!

இசைப்பதிவுக் கல்வியில் அத்தகைய காலத்தாழ்வு நேரலாகாது. மைக், மிக்சர் போன்ற சொற்கள் அவ்வாறே இருக்கட்டும். விளக்கம் தமிழில் வேண்டும். மேலும், அயல்நாட்டுப் பாடம் கிதாரையும் மேலை முரசுகளையும் கொண்டே நடக்கும். மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒலிவாங்கியை எங்கே வைப்பது, நாகசுரத்தின் ஓங்கிய ஒலியையும் தம்புராவின் மெல்லிய இழையையும் எவ்வாறு ஏற்பது என்பவற்றை எழுதிக் கற்பிக்க வேண்டியவர் நாமே. ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி, வாரம் ஒரு மாலை, பத்து இளைஞர்: இவ்வளவே போதும். தமிழ்ச் சங்கங்களின் அறைகளில் இதற்கு இடமுண்டு. உடன் பயில்வார் என்னும் கால்பங்கும், கற்பித்தல் என்னும் அரைப்பங்கும் அங்கே ஒருசேர நிறையும்.

உலகத்தார் முதற் கால்பங்கை விலையின்றித் தந்துவிட்டனர். எஞ்சிய முக்கால்பங்கு எவராலும் அனுப்பி வைக்க இயலாதது. அதை நாம் ஒருவர்க்கொருவர் தந்துகொள்வோமாக.