இலுப்பைக்கடவையும் உதவியின் கடவைகளும் : ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாண வழக்கிலே ‘கடவை’ என்னுஞ் சொல் வேலியினூடே ஆட்கள் புகுந்து செல்வதற்கென விடப்படும் வழியைக் குறிக்கும். மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில், விடத்தல்தீவுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையே அமைந்துள்ள இலுப்பைக்கடவை அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. மேற்கே கடலும் கிழக்கே வன்னிக் காடும் சூழ்ந்த இக்கரையில் நெல்லும் மீனுமே வாழ்வாதாரம். மழை பொய்த்தால் வயல் கருகும். மிகுந்தால் பறங்கியாறும் பாலியாறும் பெருகிப் பாதையைத் துண்டிக்கும். இத்தகைய சூழலில் துன்புற்ற ஒருவர் எந்தக் கடவையினூடாக அரசின் உதவியை அடைந்தார், அக்கடவையைக் காத்து நின்றவர் யார் என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமூக சேவையின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், கொழும்பில் இயற்றப்பட்ட சட்டம் கிராமத்தை அடையும்போது ஒரு தனிமனிதரின் கையொப்பமாகச் சுருங்கிவிடுகின்றது. ஆகவே, சட்டத்தின் வாசகத்தோடு கையொப்பமிடுபவரின் சமூக நிலையையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.

பிரித்தானியர் ஆட்சியில் மன்னார்க் கச்சேரி உதவி அரசாங்க அதிபர் ஒருவரின் பொறுப்பில் இயங்கியது. அவருக்கும் குடிமக்களுக்கும் இடையே உடையார், விதானையார் முதலிய தலைமைக்காரர் நின்றனர். வறட்சியையும் கொள்ளைநோயையும் மேலிடத்துக்கு அறிவித்தவர்கள் அவர்களே. வரியையும் ஊழியத்தையும் ஒழுங்கு செய்தவர்களும் அவர்களே. தலைமைக்காரர் பெரும்பாலும் நிலவுடைமையும் குலச்செல்வாக்கும் வாய்ந்த குடும்பங்களிலிருந்தே தெரிவு செய்யப்பட்டனர். எனவே, உதவி வேண்டிய கூலியாளர் தம் நிலக்காரரின் உறவினரிடமே தம் வறுமைக்குச் சான்று கேட்க நேர்ந்தது. ஊரில் நிலவிய பிடியரிசி, கைமாற்று, கோயில் அன்னதானம் போன்ற பரஸ்பர உதவிகளும் இக்குறைக்கு முற்றும் விலக்கானவையல்ல. அவற்றின் ஈரத்தை மறுத்தலாகாது. ஆயினும் அவை சாதி எல்லைகளுக்குள்ளேயே பெரிதும் பாய்ந்தன என்பதையும் மறைத்தலாகாது.

1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கிய பின்னரே வறுமை ஓர் அரசியற் பிரச்சினையாக உருப்பெற்றது எனலாம். 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் அதன் முதற் பயன்களுள் ஒன்றாகும். ஆயின் அது நடைமுறைக்கு வந்தது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகரசபை எல்லைகளுக்குள் மட்டுமே. மன்னார்க் கரையின் வறியவர் அச்சட்டத்தின் கண்ணிற் படவில்லை.

இக்கரையை அரசின் உதவி பரவலாக வந்தடைந்தது வறியோர் சட்டத்தால் அன்று, போரினால் ஆகும். 1942இல் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது அதனை வழங்குவதற்கெனக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் தோன்றின. கூப்பன் வைத்திருந்தவர் எவரும் தம் பங்கைப் பெறலாம்; வறுமையை நிரூபிக்கவேண்டியதில்லை. இங்கு கருதத்தக்கது யாதெனில், எல்லோருக்கும் உரியதாக அமைந்த உதவி எவரையும் இழிவுபடுத்தவில்லை என்பதே.

1944இல் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைக்கப்பட்ட சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1948இல் சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. முதியோர், விதவைகள், வலுவிழந்தோர் ஆகியோருக்கான மாதாந்தப் பொதுசன உதவிப்பணம் கிராமங்களை எட்டியது. ஆயின் மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘பிச்சைச் சம்பளம்’ என்பதாகும். இரு சொற்கள் கொண்ட இத்தொடர் ஒரு முழு வரலாற்றையும் உள்ளடக்கியுள்ளது. சம்பளம் என்பது உரிமை. பிச்சை என்பது தயவு. பெறுபவர் இரண்டுக்கும் இடையே நிறுத்தப்பட்டார். 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதியும் மாதச் சம்பளம் இல்லாத விவசாயிக்கும் மீனவருக்கும் பயன்படவில்லை. அவர்களுக்கான ஓய்வூதியச் சட்டங்கள் முறையே 1987இலும் 1990இலுமே நிறைவேறின.

1963இல் விதானையார் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி உருவாகியமை ஒரு முக்கிய மாற்றமாகும். குலத்தின் இடத்தைப் பரீட்சை பிடித்துக்கொண்டது. எனினும் கடவை அகற்றப்படவில்லை, காவலாளியே மாறினார். பங்கீடு வருமானத்தாற் குறுக்கப்பட்டு, 1979இல் உணவு முத்திரைத் திட்டம் அறிமுகமானபோது, வறுமையை நிரூபிக்கும் பொறுப்பு மீண்டும் வறியவரின் தலையிலேயே விழுந்தது.

போர்க்காலம் இம்முறையின் உள்ளியல்பை வெளிப்படுத்தியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இக்கரையின் முஸ்லிம் மக்களும் வேரறுக்கப்பட்டனர். புத்தளத்து முகாம்களில் அவர்கள் எந்த மாவட்டத்துக்குரியவர்களாகப் பதியப்படுவது என்பது பல்லாண்டுகள் நீடித்த பிரச்சினையாயிற்று. அதே ஆண்டில் மடுத் திருத்தலம், அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஆதரவுடன் திறந்த நிவாரண நிலையமாயிற்று. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பொருட்தடை விதித்த அரசே, மறுபுறம் கச்சேரியூடாக உலருணவும் ஓய்வூதியமும் அனுப்பிவந்தது. 2008இல் போர் இக்கரையைக் கடந்தபோது மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். எஞ்சியோர் 2009இல் மெனிக் பாம் முகாமை அடைந்தவேளை, பலரிடம் அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இருக்கவில்லை. மிகுந்த உதவி தேவைப்பட்டவரே அதனைக் கோருவதற்கான தாள்களை முதலில் இழந்தவர் என்பது இம்முறையின் அடிப்படை முரண்பாடாகும்.

மீள்குடியேற்றத்தின் பின்னர் வாயில்கள் பெருகியுள்ளன. மாந்தை மேற்குப் பிரதேச செயலகம், கிராம அலுவலர், மாகாண சமூக சேவைத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கம், 2018இல் வடக்குக்கு விரிவாக்கப்பட்ட 1990 அம்புலன்ஸ் சேவை என்பன அவற்றுட் சில. இவற்றுள் அம்புலன்ஸ் சேவை தனித்து நோக்கத்தக்கது. நோயாளியின் வருமானத்தையோ பதிவையோ அது கேட்பதில்லை, கட்டணமும் அறவிடுவதில்லை. 1942இன் கூப்பன் தத்துவத்துக்கு அது நெருங்கி நிற்கின்றது. மாறாக, 2023இல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டம் வீட்டையும் சொத்தையும் அளவிட்டுப் புள்ளியிடுகின்றது. கையொப்பத்தின் இடத்தைக் கணிப்பீடு பிடித்துள்ளது. ஒருதலைச்சார்பு குறையலாம், ஆயின் புள்ளிப் பட்டியலிடம் எவரும் நேரே நின்று வாதிட முடியாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. விதானையார், கிராம சேவகர், கணிப்பீட்டுப் படிவம் எனக் காவல் மாறியதே அன்றி, தகுதியை நிரூபிக்கும் சுமை அரசின் தோளுக்கு மாறவில்லை. எந்த அலுவலகத்தின் எந்த மேசையை நாடவேண்டும் என்பதை அறிந்திருப்பதே இன்றும் ஒரு சலுகையாக உள்ளது. அவ்வறிவை ஊரின் பொதுச்சொத்தாக்குதலும், தேடி வருபவருக்காகக் காத்திராது அரசே தேடிச் செல்லும் முறையைக் கோருதலும் முற்போக்குச் சக்திகளின் கடமைகளாகும். வேலி இருக்கும்வரை கடவையும் இருக்கும்; அதனைக் கடக்க எவர் தயவும் வேண்டாத நிலையே சமூக நீதியின் தொடக்கமாகும்.