தானுந்து மின்னிருக்கை

இக்கட்டுரை தானுந்துகளில் பொருத்தப்படும் மின்னியக்க இருக்கையைப் பற்றியது. மரண தண்டனைக் கருவியைப் பற்றி அறிய மின்சார நாற்காலி என்னும் கட்டுரையைப் பார்க்கவும்.

தானுந்து மின்னிருக்கை என்பது, நெம்புகோலை இழுத்துக் கையால் நகர்த்துவதற்கு மாறாக, சிறு மின்னோடிகளின் துணையால் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரக்கூடிய தானுந்து இருக்கை ஆகும். இருக்கையின் பக்கவாட்டிலோ கதவிலோ உள்ள ஆளியை அழுத்தி இதனை இயக்குவர். பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையே இவ்வாறு அமைக்கப்படுகிறது; விலை மிகுந்த வண்டிகளில் முன் பயணி இருக்கையும் மின்னியக்கம் பெறுகின்றது. இத்தகைய இருக்கை பழுதுபட்டால் நின்ற இடத்திலேயே இறுகிவிடும். அதனைக் கையால் தள்ளியோ இழுத்தோ நகர்த்த இயலாது. இவ்விறுக்கத்தின் காரணத்தையும், வீட்டிலேயே அதனைக் கண்டறிந்து சீர்செய்யும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், மின்னோடியால் அழுத்தப்பட்ட நீர்மத்தைக் கொண்டு இருக்கையையும் சாளரங்களையும் நகர்த்தும் முறையைத் தன் உயர்விலை வண்டிகளில் வழங்கியது. நீர்மக் கசிவு இம்முறையின் பெருங்குறையாக இருந்தது. பின்னர் மின்னோடியும் திருகுத் தண்டும் அதன் இடத்தைப் பிடித்தன. 1957ஆம் ஆண்டின் கடிலாக் எல்டொராடோ புரோகாம் வண்டியில், அமர்பவர் விரும்பும் நிலையை நினைவில் வைத்திருக்கும் இருக்கை இடம்பெற்றது. 1979இல் அறிமுகமான மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ126 வரிசை, இருக்கையின் வடிவத்திலேயே அமைந்த ஆளிகளைக் கதவில் கொண்டிருந்தது. எந்தப் பகுதி நகர வேண்டுமோ ஆளியின் அந்தப் பகுதியைத் தள்ளினால் போதும் என்னும் இவ்வமைப்பைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின.

அமைப்பும் இயங்கும் முறையும்

இருக்கையின் அடியில், வண்டித் தளத்தோடு மரையாணிகளால் இறுக்கப்பட்ட இரு தண்டவாளங்கள் உள்ளன. அவற்றின் மேல் இருக்கையைத் தாங்கும் சட்டகம் வழுக்கிச் செல்கிறது. தண்டவாளத்தின் நீளத்திற்கு ஒரு திருகுத் தண்டு உண்டு. சட்டகத்தோடு பிணைந்த மரை ஒன்று அத்தண்டின் மீது ஏறியிருக்கும். தண்டு சுழலும்போது மரை முன்னோ பின்னோ நகர்ந்து இருக்கையை உடன் இழுத்துச் செல்லும். மின்னோடியின் வேகமான சுழற்சியை மெதுவாகவும் வலுவாகவும் மாற்றுவதற்குப் புழுப் பல்லிணை இடையே வைக்கப்படுகிறது.

புழுப் பல்லிணைக்கு ஒரு பண்பு உண்டு. மின்னோடியின் பக்கமிருந்து சுழற்றினால் அது எளிதாகச் சுழலும்; இருக்கையின் பக்கமிருந்து தள்ளினால் அசையாது. மோதலின்போது இருக்கை நழுவாமல் இருப்பதற்கு இப்பண்பு பெரிதும் உதவுகிறது. பழுதான இருக்கையைத் தோள்கொடுத்துத் தள்ளினாலும் அது நகராமைக்குக் காரணமும் இதுவே. வலிந்து தள்ளுவதால் நெகிழிப் பற்கள் உடைவதைத் தவிரப் பயன் ஏதும் இல்லை.

பல வண்டிகளில் ஒரே மின்னோடி இரு தண்டவாளங்களையும் இயக்குகிறது. அதிலிருந்து இருபுறமும் செல்லும் வளையும் வடங்கள், மிதிவண்டியின் தடைக் கம்பியைப் போன்று உறைக்குள் அமைந்தவை. ஆனால் இவை இழுபடுவதில்லை, சுழல்கின்றன. வடத்தின் சதுர முனை பல்லிணைப் பெட்டியின் துளையில் செருகப்பட்டிருக்கும். ஆறு திசை இருக்கை எனப்படுவதில் முன்பின் நகர்வு, முன்விளிம்பின் உயரம், பின்விளிம்பின் உயரம் ஆகிய மூன்றிற்கும் இயக்கம் உண்டு. சாய்மானமும் சேர்ந்தால் அது எட்டுத் திசை இருக்கையாகிறது.

மின்சுற்று எளிமையானது. நிலைகாந்த நேர்மின்னோட்ட மின்னோடிக்கு இரண்டே கம்பிகள். ஆளியைத் தொடாதபோது அவ்விரண்டும் வண்டியின் உடலோடு, அதாவது எதிர்முனையோடு இணைந்திருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு கம்பி மட்டும் 12 வோல்ட்டு நேர்முனைக்கு மாறும். மறுபக்கம் அழுத்தினால் மற்றொன்று மாறும். முனைகள் மாறுவதால் சுழற்சியும் திசை மாறுகிறது. மின்னோடியிலோ சுற்றிலோ வெப்பத்தால் துண்டிக்கும் காப்பு ஒன்று இருப்பதும் உண்டு. ஆகவே பலமுறை அழுத்தி ஓய்ந்த இருக்கை, சில நிமிடங்கள் கழித்துத் தானாக உயிர்பெறுவதைக் கண்டு பழுது நீங்கிவிட்டதாகக் கருதக்கூடாது.

இறுக்கத்தின் காரணங்கள்

மிகச் சாதாரணமான காரணம் அந்நியப் பொருள் ஆகும். நாணயம், எழுதுகோல், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள், தண்ணீர்க் குப்பி ஆகியவை தண்டவாளத்தில் விழுந்து மரையைத் தடுக்கின்றன. அடுத்து, உருகி எரிந்துபோதல். இருக்கை முன்னும் பின்னும் நகர்வதால் அடியிலுள்ள கம்பித் தொகுதி உராய்ந்து அறுபடுதல். காலணியோடு வரும் நீரால் இணைப்பான்களில் பச்சைக் களிம்பு ஏறுதல். ஆளியின் தொடுமுனைகள் கருகுதல் ஆகியவை வருகின்றன. பழைய வண்டிகளில் மசகு உலர்ந்து, தூசியோடு சேர்ந்து களியாகி இறுகுகிறது. வடத்தின் சதுர முனை தேய்ந்து வழுக்குவதும் உண்டு. ஒருபுற வடம் மட்டும் வழுக்கினால் ஒரு தண்டவாளம் முன்னேற மற்றது நின்றுவிடும். இருக்கை கோணலாகி இரண்டுமே இறுகிக்கொள்ளும்.

பழுதைக் கண்டறிதல்

கருவிகளை எடுப்பதற்கு முன் கைவிளக்கொன்றால் இருக்கையின் அடியை முன்னிருந்தும் பின்னிருந்தும் பார்க்க வேண்டும். இது நகைப்பிற்குரியதாகத் தோன்றினாலும் பல இருக்கைகளின் சிக்கல் இங்கேயே முடிந்துவிடுகிறது.

அடுத்த சோதனைக்கும் கருவி வேண்டியதில்லை. வண்டியின் உள்விளக்கை எரியவிட்டு, இயந்திரத்தை அணைத்த நிலையில் இருக்கையின் ஆளியை அழுத்த வேண்டும். சில வண்டிகளில் இதற்குச் சாவியைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கலாம். விளக்கு சற்றே மங்கினால் மின்னோடிக்கு மின்னோட்டம் சென்றுகொண்டிருக்கிறது, ஆனால் அது சுழல முடியாமல் திணறுகிறது என்று பொருள். பழுது பல்லிணை, வடம், தண்டவாளம் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். விளக்கு சிறிதும் மாறாவிட்டால் மின்னோட்டம் எங்கோ துண்டிக்கப்பட்டுள்ளது எனலாம். மங்குதலோ முனகலோ இருந்தால் ஆளியைத் தொடர்ந்து அழுத்தியிருக்கக்கூடாது. சுழலாது நிற்கும் மின்னோடி விரைந்து சூடேறும்.

மின்னோடி சுழலும் ஓசை தெளிவாகக் கேட்டும் இருக்கை நகராவிட்டால் வடமோ பல்லிணையோ வழுக்குகிறது. எல்லாத் திசைகளும் ஒருசேர நின்றுபோயிருந்தால் உருகி, இருக்கையடி இணைப்பான், எதிர்முனைக் கம்பி ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும். ஒரே அச்சில் ஒரு திசை மட்டும் இயங்கி மறுதிசை இயங்காவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஆளியே. மின்னோடி ஒரு திசையில் நன்றாகச் சுழலுமாயின் மறுதிசையிலும் சுழலும். எனினும் இருக்கை தன் எல்லையை எட்டியிருக்கிறதா, அத்திசையில் ஏதேனும் தடுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மின்னழுத்தத்தை மல்டிமீட்டர் எனப்படும் பன்மானியால் அளக்கும்போது, இணைப்பானைப் பிரிக்காமல், அதன் பின்புறமாக முள்ளைச் செருகி அளக்க வேண்டும். களிம்பேறிய இணைப்பான், மின்னோடி பிரிக்கப்பட்ட நிலையில் 12 வோல்ட்டை முழுமையாகக் காட்டிவிடும். சுமை ஏறியவுடன்தான் அது 5 அல்லது 6 வோல்ட்டாக வீழும். புதிய மின்னோடி வாங்கிப் பொருத்தியும் இருக்கை அசையாத நிகழ்வுகள் பலவற்றின் பின்னணி இதுவே. சுமையோடு அளந்து 12 வோல்ட்டுக்கு அண்மையில் இருந்தும் மின்னோடி சுழலவில்லையெனில், மின்னோடியோ அதனால் இயங்கும் பகுதியோ பழுதுற்றது என உறுதியாகக் கொள்ளலாம்.

காற்றுப்பை பற்றிய எச்சரிக்கை

தற்கால இருக்கைகள் பலவற்றின் பக்கவாட்டில் காற்றுப்பை உண்டு. இருக்கைப் பட்டையை மோதலின்போது இழுத்து இறுக்கும் சிறு வெடிபொருளும் சில வண்டிகளில் இருக்கையோடு இணைந்துள்ளது. இவற்றின் கம்பிகளும் இணைப்பான்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைப் பன்மானியால் சோதிக்கவே கூடாது. தடையை அளக்கப் பன்மானி செலுத்தும் சிறு மின்னோட்டமும் ஆபத்தை விளைவிக்கலாம். இருக்கையின் அடியில் கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, தேக்கிவைத்த மின்னேற்றம் வடிவதற்காகக் கையேட்டில் குறித்த நேரம் வரை காத்திருக்க வேண்டும். கம்பிகள் பிரிந்துள்ள நிலையில் சாவியைத் திருப்பினால் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். பின்னர் அதனை அணைப்பதற்குக் கணிப்பொறிக் கருவி தேவைப்படலாம்.

நகராத இருக்கையைக் கழற்றுதல்

இவ்வேலையின் உண்மையான முடிச்சு இங்குதான் உள்ளது. இருக்கையைச் சீர்செய்ய அதனைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு நான்கு மூலைகளிலுள்ள மரையாணிகளை அடைய வேண்டும். முன் ஆணிகள் தெரிய இருக்கை பின்னேயும், பின் ஆணிகள் தெரிய முன்னேயும் நகர வேண்டும். அதுவோ நகராது.

இம்முடிச்சை அவிழ்க்க மூன்று வழிகள் உள்ளன. மின்சுற்றில் பழுது இருந்தால், மின்னோடியின் இணைப்பானைப் பிரித்து, தனி மின்கலம் ஒன்றிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்கலாம். இருசக்கர வண்டியின் 12 வோல்ட்டு மின்கலமே இதற்குப் போதுமானது. தடித்த கம்பிகளைப் பயன்படுத்தி, ஒன்றில் 20 அல்லது 30 ஆம்பியர் உருகியை இணைத்து, ஓரிரு நொடிகள் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். தவறான திசையில் நகர்ந்தால் கம்பிகளை இடம் மாற்றிக்கொள்ளலாம். நினைவக இருக்கைகளில் தடித்த இரு கம்பிகளோடு மெல்லிய கம்பிகளும் மின்னோடிக்கு வரும். அவை சுழற்சியை எண்ணும் உணரிக்கு உரியவை. அவற்றிற்கு 12 வோல்ட்டு கொடுத்தால் உணரி கெட்டுவிடும்.

மின்னோடியே இறந்திருந்தால், வளையும் வடத்தை மின்னோடியின் பக்கத்தில் உருவி எடுத்து, அதன் முனையைத் துளைப்பான் ஒன்றில் பிடித்து மெதுவாகச் சுழற்றலாம். இது பொறுமையை வேண்டும் வேலை. பல்லிணை வேகத்தைக் குறைப்பதால் வடம் பலமுறை சுழன்றால்தான் இருக்கை ஒரு விரற்கடை நகரும். இருபுற வடங்களையும் ஒரே அளவிற்குச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிச் சுழற்றாவிட்டால் இருக்கை கோணலாகிப் புதிய இறுக்கம் உண்டாகும்.

இவ்விரண்டும் கைகூடாதபோது, தண்டவாளத்தைத் தளத்திலேயே விட்டுவிட்டு, அதன் மேலுள்ள இருக்கைச் சட்டகத்தை மட்டும் பிரித்தெடுப்பது மூன்றாம் வழி. பின்கதவு வழியாகவோ இருக்கைத் துணியை ஓரளவு கழற்றியோ இதன் ஆணிகளை அடையலாம். எல்லா வண்டிகளிலும் இது இயலாது. மின்னிருக்கை கனமானது, 25 கிலோகிராமுக்கு மேல் இருப்பது வழக்கம். கூர்மையான தண்டவாள முனைகள் கதவோரத்தைக் கீறாதிருக்கப் பழைய போர்வையை விரித்து, இருவராகத் தூக்கி வெளியேற்ற வேண்டும்.

வெளியே எடுத்தபின் எஞ்சிய வேலை எளிது. உலர்ந்த மசகைத் துடைத்து, திருகுத் தண்டிலும் தண்டவாளத்திலும் புதிய வெள்ளை இலித்திய மசகைத் தடவலாம். உடைந்த நெகிழிப் பல்லிணைக்கு ஒட்டுப்பசை நிலைப்பதில்லை. அதனை மாற்றியே ஆக வேண்டும்.

மீண்டும் பொருத்துதல்

இரு தண்டவாளங்களும் ஒரே நிலையில் உள்ளனவா என்பதை முனையிலிருந்து அளவுகோலால் அளந்து சரிபார்த்த பின்னரே வடங்களைச் செருக வேண்டும். தளத்தின் ஆணிகள் நான்கையும் முதலில் தளர்வாகப் பொருத்தி, பின்னர் கையேட்டில் கூறப்பட்ட முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். இதில் மதிப்பீட்டிற்கு இடமில்லை. அமெரிக்கக் கூட்டரசின் 207ஆம் எண் பாதுகாப்புத் தரம், இருக்கையின் எடையைப்போல் இருபது மடங்கு விசையை முன்னோக்கியும் பின்னோக்கியும் தாங்குமாறு இருக்கைப் பிணைப்பு அமைய வேண்டும் என்கிறது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ், இருக்கையின் உயரத்தை மாற்றும் பகுதியில் ஓர் ஆணி கழன்றுவிழக்கூடும் என்பதற்காகவே தன் வண்டிகள் பலவற்றைத் திரும்ப அழைத்தது.

நினைவக இருக்கையாயின், மின்கலத்தை இணைத்தபின் இருக்கையை இரு எல்லைகளுக்கும் முழுமையாக ஓட்டி, புதிய நிலைகளைக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

பழுதோடு ஓட்டுவதன் இடர்கள்

இருக்கை முன்னே சிக்கிக்கொண்டதைப் பொருட்படுத்தாது ஓட்டுவோர் உள்ளனர். ஓட்டுநரின் மார்பெலும்பிற்கும் திருப்புச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அறிவுறுத்துகிறது. அதனினும் நெருங்கி அமர்ந்தவரைக் காற்றுப்பையே காயப்படுத்தலாம். பின்னே சிக்கிய இருக்கையில் குள்ளமானவர் தடைமிதியை முழுமையாக அழுத்த இயலாது போகலாம்.

ஆளி சிக்கிக்கொள்வது வேறு வகையான இடர். இங்கு இருக்கை நிற்பதில்லை; எல்லையை எட்டிய பின்னும் மின்னோடிக்கு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பின்னும் இச்சுற்று உயிரோடிருப்பதால், நிறுத்திவைத்த வண்டியிலும் வெப்பம் ஏறலாம். 2024 சூன் மாதத்தில் கியா நிறுவனம் 2020 முதல் 2024 வரையிலான தன் டெல்லுரைடு வண்டிகளை, சுமார் 4,27,000 எண்ணிக்கையில், அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. முன்னிருக்கை ஆளியின் குமிழ் சிக்கிக்கொண்டால் மின்னோடி மிகையாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். பழுதுநீக்கும் வரை வண்டிகளைக் கட்டடங்களை விட்டு விலக்கித் திறந்தவெளியில் நிறுத்துமாறு உரிமையாளர்கள் அறிவுறுத்தப்பட்டனர். ஆகவே கையை எடுத்த பின்னும் குமிழ் நடுநிலைக்குத் திரும்பாவிட்டாலோ, இருக்கையின் அடியிலிருந்து கருகல் வாடை வந்தாலோ, முதலில் உருகியைப் பிடுங்கிவிட வேண்டும். எந்த உருகி என்பது உருகிப் பெட்டியின் மூடியிலோ வண்டிக் கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும்.