கந்தளாயின் கரும்பும் உழவனின் களஞ்சியமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழமும் அழகும் உலகறிந்தவை. அத்துறைக்குப் பின்னே விரிந்து கிடக்கும் மருதநிலத்தின் வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலரே. அந்நிலத்தின் உயிர்நாடி கந்தளாய்க் குளம். அதனைக் குளக்கோட்டு மன்னன் கட்டுவித்தான் என்பது தமிழர் மரபு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கிரபோதியின் பணி அது என்பது பாளி வரலாற்று நூலின் கூற்று. கட்டியவர் எவராயினும், அக்குளத்து நீரே தம்பலகாமத்து வயல்களை வாழ்வித்தது.

பண்டை உழவனின் வாழ்வு இன்பமே நிறைந்ததன்று. வறட்சி அவனை வருத்தியது; மலேரியாக் காய்ச்சல் ஊர்களை வெறுமையாக்கியது. எனினும் விளைந்த நெல்லை அவன் களஞ்சியத்தில் சேர்த்து வைக்க முடிந்தது. சந்தையில் விலை வீழ்ந்தாலும் அவன் வீட்டில் உலை கொதித்தது.

பணப்பயிரின் இயல்பு வேறு. அதனை விளைவித்தவன் உண்டு வாழ இயலாது, விற்றே வாழவேண்டும். இவ்வுண்மையை இலங்கை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டது. 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. பின்னர் வந்த தேயிலையும் இறப்பரும் பெருஞ்செல்வம் ஈட்டின. ஆயினும் நாடு அரிசிக்குப் பிறநாடுகளை நம்பியது. 1952 இல் இறப்பரின் விலை வீழ்ந்து அரிசியின் விலை உயர்ந்தபோது, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறச் சீனாவுடன் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது.

சுதந்திரத்தின் பின், சீனி வாங்குவதற்காக வெளியேறும் பணத்தை நாட்டிலேயே நிறுத்த அரசாங்கம் விரும்பியது. கந்தளாயில் நிலமும் நீரும் இருந்தன. செக்கோசிலோவாக்கியாவின் உதவியுடன் 1960 ஆம் ஆண்டளவில் அங்கே சீனித் தொழிற்சாலை எழுந்தது. காடு கரும்புத் தோட்டமாயிற்று. கூலி வேலையும் கைப்பணமும் ஊருக்கு வந்தன. இது சிறிய நன்மையன்று.

எனினும் கரும்பு முதிர ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அதுவரை உரத்துக்கும் உணவுக்கும் கடன் கொள்பவர் பலர். வெட்டிய கரும்பை ஓரிரு நாட்களுக்குள் பிழியாவிடின் அதன் இனிப்புக் குறைந்துவிடும். ஆகவே அதனைச் சேமித்து வைத்து நல்ல விலைக்குக் காத்திருத்தல் இயலாது. அருகிலுள்ள ஆலை ஒன்றே. அது வாங்கும் விலையே விலை.

அந்த ஆலையும் உலகச் சந்தையின் அலைகளுக்குத் தப்பவில்லை. 1974 நவம்பரில் அமெரிக்க நாணயத்தில் ஓர் இறாத்தல் 50 சதத்துக்கு மேல் விற்ற சீனி, 1978 இல் 10 சதத்துக்குக் கீழே இறங்கியது. 1977 இன் பின் இறக்குமதிக்குக் கதவு அகலத் திறந்தது. 1983 இல் போர் மூண்டது. 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறுதியாக 1993 இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இயந்திரங்கள் துருவேறின, தோட்டங்களிற் புதர் மண்டியது.

அன்று கரும்பை நம்பியிருந்தவனின் நிலையை நெல் விளைவித்தவனுடன் ஒப்பிட்டால் உண்மை விளங்கும. நெல்லுக்கு அரைக்கும் ஆலைகள் பல, வாங்குவோர் பலர், ஒருவரும் வாங்காவிடினும் உண்பதற்கு வீட்டில் மக்கள் உண்டு. கரும்புக்கோ ஆலை நின்றவுடன் வழியேதும் இல்லை.

இதனாற் பணப்பயிரே தீது என்று கொள்ளுதல் பிழை. உழவனுக்கு உடையும் கல்வியும் மருந்தும் பணத்தாலேயே வரும். குற்றம் பயிரில் இல்லை. விலையும் ஆலையும் சந்தையும் பிறர் கையில் இருக்க, நட்டம் மட்டும் உழவன் தலையில் விழும் ஏற்பாட்டிலேயே உள்ளது. கரும்புக்கு அருகே ஒரு துண்டு நெல்வயலும், விலை வீழ்ந்த காலத்துக்கு ஒரு காப்பும், ஆலையின் நிருவாகத்தில் உழவனுக்கு ஒரு குரலும் இருந்தால் வறுமையின் வாயில் பாதி அடைபடும். களஞ்சியம் வெறுமையாக இருக்கையில், கைப்பணம் எத்தனை நாள் காக்கும்?