மரை பொருந்தாத உதவி

ஓர் ஊரில் பெருந்தீ மூண்டால் பக்கத்து ஊர்களின் தீயணைக்கும் படைகள் உதவிக்கு ஓடிவருவது வழக்கம். அப்படி வந்தவர்கள், எதிரே தீ எரியும்போது, ஒன்றும் செய்ய இயலாமல் நிற்க நேர்ந்ததை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுக நகரம். 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணிக்குச் சற்று முன்பு ஒரு மொத்த வியாபாரக் கட்டிடத்தில் தீப்பிடித்தது. பலத்த காற்று தீயைக் கட்டிடம் கட்டிடமாகக் கொண்டுசென்றது. தந்தி பறந்தது. சுமார் 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாஷிங்டனிலிருந்து நீராவித் தீயணைப்பு எஞ்சின்கள் ரயிலில் ஏற்றப்பட்டுச் சில மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தன. பின்னர் பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். மனமுவந்து அளித்த உதவிதான். ஆனால் வாஷிங்டன்காரர்கள் தங்கள் ரப்பர் குழாயைத் தெருவோரத் தண்ணீர்க் குழாயின் வாயில் திருகியபோது அது ஏறவில்லை. மரை வேறு!

ஊறுகாய்ப் புட்டியின் மூடியை வேறொரு புட்டியில் மாட்டிப் பாருங்கள், சங்கதி விளங்கிவிடும். வாயின் விட்டம் ஒன்றாக இருந்தாலும் போதாது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரைகள் என்பதும் ஒத்துப்போக வேண்டும். அங்குலத்துக்கு 8 மரைகள் என்றால் அடுத்தடுத்த இரு மரைகளின் இடைவெளி 3.18 மில்லிமீட்டர், 7 என்றால் 3.63 மில்லிமீட்டர். முதல் சுற்று எப்படியோ நுழைந்தாலும், இரண்டு மூன்று சுற்றுகளில் வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சேர்ந்து இறுகிக்கொள்ளும்.

துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். குழாயின் உள்விட்டம் இரண்டரை அங்குலம், அதாவது 6.35 சென்டிமீட்டர். குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 32 சதுர சென்டிமீட்டர். நீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோகிராம் எனக் கொண்டால், இணைப்பைப் பிடுங்கி எறியத் துடிக்கும் விசை 220 கிலோகிராம் எடைக்குச் சமம். எந்தக் கயிறு இதற்குத் தாக்குப்பிடிக்கும்?

தீ சுமார் 30 மணி நேரம் எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. வெடிவைத்துக் கட்டிடங்களைத் தகர்த்து வழிமறித்தும் பயனில்லை. கிழக்கே அது கடைசியில் ஜோன்ஸ் ஃபால்ஸ் கரையில்தான் தடுக்கப்பட்டது. (பெயர் அருவியைச் சொன்னாலும் அது ஓர் ஓடை.) அங்கே 37 எஞ்சின்கள் வரிசையாக நின்று ஓடை நீரை உறிஞ்சிப் பாய்ச்சின. கவனியுங்கள்: ஓடைக்கு மரை கிடையாது! உறிஞ்சு குழாயின் ஒரு முனை எஞ்சினோடு சேர்ந்தது. மறுமுனையைத் தண்ணீரில் போட்டால் போதும், காற்றழுத்தம் நீரை மேலே தள்ளிவிடும். ஊர் எதுவானாலும் எஞ்சின் வேலை செய்யும்.

தீக்குப் பிறகு, 1901இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையம் இதை ஆராய்ந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட வகைக் குழாய் இணைப்புகள் புழங்கியது தெரியவந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையத்தின் வளாகத்திலேயே ஒரு சிறு தீ ஏற்பட்டபோது, ஒரு கட்டிடத்தின் குழாய் இன்னொரு கட்டிடத்தின் குழாயோடு சேரவில்லை.

1905இல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஒரு பொது அளவை ஏற்றது: இரண்டரை அங்குலக் குழாய்க்கு, அங்குலத்துக்கு ஏழரை மரைகள். அதென்ன அரை மரை? பழைய இணைப்புகளில் ஏராளமானவை 7 அல்லது 8 மரைகள் கொண்டவை. ஏழரை என்பது இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் கால் மில்லிமீட்டர் மட்டுமே விலகியது. ஆகவே பழையவற்றைத் தூக்கி எறியாமல், மரையைச் சற்றுத் திருத்திப் பயன்படுத்த முடியும். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய பொருளையும் நகராட்சியின் பணப்பையையும் மனத்தில் வைத்துப் பிறந்த எண் அது.

அப்படியிருந்தும் நகரங்கள் அவசரப்படவில்லை. ஆயிரக்கணக்கான குழாய் வாய்களை மாற்றச் செலவு உண்டு; அண்டை ஊரின் உதவியோ எப்போதோ ஒருமுறை தேவைப்படுவது. 1991 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் தீ பரவி 25 பேர் மாண்டனர். வறட்சியும் வெப்பக் காற்றும்தான் முதற்காரணங்கள். எனினும் ஓக்லாந்தின் தெருக் குழாய்களுக்கு மூன்று அங்குல வாய். உதவிக்கு வந்த அண்டை ஊர்க்காரர்களின் கையில் இரண்டரை அங்குலக் குழாய். நடுவே பொருத்தும் இணைப்புகளைத் தேட வேண்டியதாயிற்று.

பால்டிமோர் தீயின் நூறாவது ஆண்டான 2004இல் கணக்கெடுத்தபோது, அமெரிக்காவின் 48 பெருநகரங்களில் 18 மட்டுமே அந்தப் பொது அளவைக் கைக்கொண்டிருந்தன.