கடாரம்: ஒரு நிலம், பல துறைகள்

கங்கையும் கடாரமும் கொண்டவன் என்று முதலாம் இராசேந்திர சோழன் புகழப்பெறுவதைத் தமிழ்ப் பள்ளியில் பயிலும் சிறுவரும் அறிவர். மலேசியத் தமிழர்க்கு அப்புகழில் தனியொரு பற்று உண்டு. கடாரம் அவர்கள் வாழும் நாட்டிலேயே, கெடா மாநிலத்திலேயே உள்ளது என்பதே அதற்குக் காரணம். ஆயினும், கடாரமே கெடா என்பது எவ்வாறு தெரியவந்தது என்று வினவினால், விடை கூற வல்லோர் சிலரே ஆவர். அரசனின் மெய்க்கீர்த்தி அவ்வூரின் பெயரைச் சொல்கிறது. அஃது எந்தக் கரையில் உள்ளது என்று சொல்வதில்லை. அதனை அறிய இலக்கியமும் கல்வெட்டியலும், சீனமும் அரபும், புவியியலும் தொல்பொருளியலும், வேதியியலும் இயற்பியலும் ஒன்றுகூட வேண்டியிருந்தது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நடைபெற்றுவரும் அந்த ஆய்வின் வரலாறு, கடாரத்தின் வரலாற்றைப் போலவே கற்றற்குரியது.

பெயரின் வழியே

காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெருவில் குவிந்திருந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த செல்வத்தையும் குறிக்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் கூறினார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பாடல் பிறந்து பல நூற்றாண்டுகள் சென்றபின் எழுந்த உரை அது. ஆதலின் அதனை மரபுவழிச் சான்றாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த முடிபாகக் கொள்ளுதல் இயலாது. அப்பாட்டும் உரையும் ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சேறி அறிஞர் கைக்கு வந்தது, 1889ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னரேயாம்.

இலக்கியத்தின் அருகே கல்வெட்டு வந்து நின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் பொறிக்கப்பெற்ற இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடல் கடந்து சென்ற சோழர் படை வென்ற இடங்களை வரிசையாக அடுக்குகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலிய பெயர்களோடு கடாரமும் அதில் இடம்பெறுகிறது. அப்படையெடுப்பு நிகழ்ந்தது கி.பி. 1025ஆம் ஆண்டளவில் என்பர். அக்கல்வெட்டுகளை ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பித்தபோது, எழுத்துகள் படிக்கப்பட்டனவே தவிர இடங்கள் அறியப்படவில்லை. கடாரம் தமிழகத்திலேயே உள்ள ஓர் ஊராகலாம் என்று எண்ணியோரும் அந்நாளில் இருந்தனர்.

முடிச்சை அவிழ்க்க வேறு மொழிகளின் துணை தேவைப்பட்டது. கி.பி. 671இல் சீனத்திலிருந்து கப்பலேறிய பௌத்தத் துறவி இத்சிங், ஸ்ரீவிசயத்தில் தங்கிப் பின்னர் கியேச்சா என்னும் துறையை அடைந்து, அங்கிருந்து நக்கவாரத்தின் வழியாக இந்தியாவுக்குச் சென்றதை எழுதி வைத்தார். வடமொழி நூல்கள் கடாகம் என்றன. அரபு நிலநூலார் கலா என்னும் துறையைப் பற்றிப் பேசினர். இப்பெயர்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கியபோதுதான் கெடாவின் கரை கண்ணுக்குத் தெரியலாயிற்று. 1918ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடேஸ், அதுவரை ஓர் அரசனின் பெயர் என்று கருதப்பட்ட ஸ்ரீவிசயம் சுமத்திராவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பேரரசே என்று நிறுவினார். அதன்பின் மெய்க்கீர்த்தியின் ஊர்ப்பட்டியல் புதிய ஒளி பெற்றது. 1961இல் வெளிவந்த தம் நூலில் பால் வீட்லி என்னும் புவியியலறிஞர், கிரேக்கம், சீனம், அரபு, இந்திய மொழிகள் ஆகியவற்றின் குறிப்புகளைத் தொகுத்துத் தீபகற்பத்தின் பழைய நிலப்படத்தையே வரைந்து காட்டினார். மொழி தெரிந்தவர் பெயரைத் தந்தார். காற்றும் கடலும் தெரிந்தவர் இடத்தைத் தந்தார். வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்கு 1200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை தொலைவிலேயே தென்படும் என்பதும், பருவக்காற்று மாறும்வரை கப்பல்கள் காத்திருக்க மெர்போக் ஆற்றின் முகத்துவாரம் ஏற்றது என்பதும் ஏட்டில் கிடைக்காத உண்மைகள்.

மண்ணின் வழியே

கிழக்கிந்தியக் கும்பினியின் பணியிலிருந்த ஜேம்ஸ் லோ என்பார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இன்றைய செபராங் பிறைப் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். இரத்தமிருத்திகை, அதாவது செம்மண், என்னும் ஊரினனான புத்தகுப்தன் என்ற பெருமாலுமியின் பெயர் அதில் உள்ளது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அவ்வெழுத்துத் தென்னாட்டு எழுத்து வகையினது. அவன் ஊர் எது என்பது நெடுங்காலம் வழக்கிலேயே இருந்தது. 1962ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தில் இராசபாடிதங்கா என்னுமிடத்தில் நடந்த அகழாய்வில், இரத்தமிருத்திகை மகாவிகாரத்தின் பெயர் பொறித்த முத்திரைகள் கிடைத்தன. மலாயாவில் கிடைத்த ஒரு கல்லின் வினாவுக்கு நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்து வங்காளத்து மண்ணிலிருந்து விடை வந்தது.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பார் தம் துணைவியார் டோரதியுடன் பூஜாங் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது இடங்களை ஆராய்ந்து, ஒவ்வோர் இடத்துக்கும் எண்ணிட்டார். அவற்றுள் எட்டாம் எண் பெற்ற புக்கிட் பத்து பகாட் கோயிலை அலஸ்டர் லேம்ப் 1960ஆம் ஆண்டளவில் மீட்டெடுத்துச் சீரமைத்தார். அதன் அடித்தளத்தில் கருங்கற் பேழைகள் கிடைத்தன. கருவறையும் முன்மண்டபமும் கொண்ட அதன் அமைப்பு இந்தியக் கோயில் மரபை நினைவூட்டுகிறது. ஆனால் மண்டபத்தில் கல்தூண்கள் இல்லை. மரத்தூண்களை நிறுத்துவதற்கான கற்பாதங்களே உள்ளன. கல்லால் தொடங்கி மரத்தால் முடிந்த கட்டடம் அது. மழை மிகுந்த இம்மண்ணின் தச்சர்கள் தம் கைவழக்கப்படியே கூரை வேய்ந்தனர் என்பதைக் கட்டடக் கலை அறிந்தோர் கண்டு கூறினர். சமயத்தை மட்டும் ஆராய்ந்தவர்க்கு அது புலப்பட்டிராது.

நிலவியலாரின் பங்கும் சிறிதன்று. மூடா, மெர்போக் ஆறுகள் கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து, கரை மேற்கு நோக்கி நகர்ந்துவிட்டது. இன்று வயலும் கம்பமுமாகத் தோன்றும் சுங்கை மாஸ் போன்ற இடங்கள் அன்று கடலை அடுத்திருந்தன. உள்நாட்டில் துறைமுகம் எவ்வாறு இருந்திருக்கும் என்று ஐயுற்றோர்க்கு மண்ணடுக்குகளே மறுமொழி கூறின.

அணுவின் வழியே

கரிமக் காலக்கணிப்பு முறையை அமெரிக்க வேதியியலறிஞர் லிப்பி 1949ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தார். உயிர் உள்ளவரை மரம் காற்றிலிருந்து ஒருவகைக் கதிரியக்கக் கரிமத்தைப் பெறுகிறது. மரம் பட்டபின் அக்கரிமம் ஒரு கணக்கின்படி குறைகிறது. 5730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் மரத்தின் காலம் தெரியும். செங்கல்லுக்கும் மணலுக்கும் வேறொரு முறை உண்டு. மண்ணிலுள்ள சிறு பரல்கள் கடைசியாக வெயிலோ நெருப்போ பட்ட நாள்முதல் ஆற்றலைச் சேர்த்து வைக்கின்றன. ஆய்வகத்தில் அவற்றின்மீது ஒளியைப் பாய்ச்சினால், சேர்ந்த ஆற்றல் ஒளியாகவே வெளிப்பட்டுக் காலத்தைக் காட்டும்.

இம்முறைகள் சுங்கை பத்துவில் பெரும்பயன் தந்தன. 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைக்களங்களும், இரும்புக் கசடும், உலைக்குக் காற்றுச் செலுத்திய சுடுமண் குழாய்களும், படகுத்துறைகளும், செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன. அவற்றின் மிக முற்பட்ட காலம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இராசேந்திரனின் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு இரும்புத் தொழில் நடந்தது என்பதில் வேறுபாடு இல்லை. கசட்டை ஆராயும் உலோகவியலார், தாது எவ்வகையது, உலை எத்துணை வெப்பம் கண்டது என்பவற்றைக் கூறுகின்றனர். எழுத்தறியாத உலைத்தொழிலாளியின் வரலாற்றை அவன் எறிந்த கசடே எழுதி வைத்துள்ளது.

பெருமிதமும் உண்மையும்

பல துறைகள் கூடுவதால் அறிவு பெருகுகிறது என்பதோடு அமையாது, ஒரு துறையின் பிழையை மற்றொரு துறை திருத்துகிறது என்பதே இவ்வரலாற்றின் சிறந்த பாடமாகும். 1940ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்ட வேல்ஸ், மலாயாவில் பண்டை இந்தியக் குடியேற்றம் என்றே அதற்குத் தலைப்பிட்டார். ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சி நடந்த காலத்தில், பழமையையும் குடியேற்றமாகவே காண்பது அவர்க்கு எளிதாயிற்று. கோயில்களை மட்டும் கண்டவர்க்கு அக்கருத்துப் பொருந்துவதாகவே தோன்றும். உலைகள் வெளிப்பட்டபின் அது நிற்கவில்லை. கடல் வணிகர் நாடிவரத்தக்க பொருளும் தொழிலும் உடையவராக இம்மண்ணின் மக்கள் விளங்கினர்; வந்த கலைகளைத் தமக்கேற்ப ஏற்றுக்கொண்டனர்.

தமிழர் தம் பெருமிதத்தையும் இவ்வாறே சான்றுகளின் முன் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். மெய்க்கீர்த்தி வென்றவன் கூற்று. அதனருகே லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவற்றை வைத்துப் படித்தால் வேறொரு காட்சி தோன்றும். கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் கி.பி. 1006ஆம் ஆண்டளவில் வழங்கினான். படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிலவிய நட்பு அது. வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, அதனை அந்நாட்டரசனுக்கே திருப்பி அளித்ததை அவன் கல்வெட்டுக் கூறுகிறது. முதலாம் குலோத்துங்கனின் காலத்தில், 1090ஆம் ஆண்டளவில், கடாரத்தரசனின் தூதர் வேண்டுகோளின்படி விகாரத்தின் ஊர்களுக்கு வரிச்சலுகை தரப்பட்டது.

வணிகரின் சுவடும் அரசரின் சுவட்டுக்குக் குறைந்ததன்று. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைத்ததைக் கூறுகிறது. சுமத்திராவின் பாருஸ் கல்வெட்டு, 1088ஆம் ஆண்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக்குழு அங்கிருந்ததைக் காட்டுகிறது. மொழியியலும் இதற்கு ஒத்திசைக்கிறது. மலாய் மொழி தமிழிலிருந்து ஏற்ற சொற்கள் கப்பல், கடை, முதல், பெட்டி போன்றவை. அவை படைமுகாமில் பிறந்த சொற்கள் அல்ல. துறைமுகத்திலும் அங்காடியிலும் மக்கள் நாவில் பழகியவை. ஒரு படையெடுப்பின் புகழைவிட, பன்னூற்றாண்டு கொடுக்கல் வாங்கலின் பெருமை நிலைத்தது.

அழிந்த பதினோராம் எண்

2013ஆம் ஆண்டில் பூஜாங் பள்ளத்தாக்கில் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்செய்தபோது, பதினோராம் எண் பெற்ற கோயிலின் அடித்தளம் இடித்து அகற்றப்பட்டது. செய்தி பரவியதும் நாடெங்கும் வருத்தமும் கண்டனமும் எழுந்தன. ஆயின் கற்கள் திரும்பவில்லை. வேல்ஸ் விட்டுச்சென்ற குறிப்புகளே அவ்விடத்தைப் பற்றி இனிக் கற்போர்க்குப் பெருந்துணையாம். அவர் காலத்தில் கரிமக் கணிப்பு இல்லை. ஒளிவழிக் கணிப்பும் இல்லை. அன்று அவர் கேளாத வினாக்களை இன்று அக்கற்களிடம் கேட்க இயலாது. பனையோலை அழிந்தால் ஒரு பாட்டு அழியும்; அடித்தளம் அழிந்தால், இன்னும் பிறவாத துறைகளின் சான்றும் உடன் அழியும்.

ஆய்வை வளர்ப்பதும் இவ்வாறே ஒரு சமுதாயத்தின் பொறுப்பாகும். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகள், இலக்கியத்தோடு மொழியியல், வரலாறு, கலை, சமூகவியல் ஆகிய துறைகளின் அறிஞரையும் ஓர் அரங்கில் அமர்த்தினார். தமிழைப் பற்றிய ஆய்வு தமிழ் இலக்கியம் கற்றோர் மட்டும் செய்வதன்று என்பதை மலேசிய மண் அன்றே உலகுக்குக் காட்டிற்று.

அறிவியல் பயிலும் மாணவன் தமிழ் வரலாற்றுக்கு அயலான் என்றும், தமிழ் பயிலும் மாணவிக்கு ஆய்வகத்தோடு தொடர்பில்லை என்றும் இல்லங்களில் இன்னும் பேசப்படுகிறது. கடாரம் அவ்வேலியை ஏற்பதில்லை. கல்வெட்டைப் படிக்கத் தமிழ் வேண்டும். கசட்டைப் படிக்க வேதியியல் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் பொறுமை வேண்டும். ஜெராய் மலையடிவாரத்தில் இன்னும் அகழப்படாத மேடுகள் உள்ளன. அவற்றுள் காத்திருப்பது எழுத்துப் பொறித்த கல்லாகவும் இருக்கலாம், உலையில் எஞ்சிய ஒரு கரித்துண்டாகவும் இருக்கலாம். எது கிடைப்பினும் அதனைப் படிக்க வல்லவர் நம் பள்ளிகளிலிருந்து எழுதல் வேண்டும்.