இசை என்னும் ஒரு சொல்லும் அரபியின் பல சொற்களும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த எட்டயபுரம், இசை என்னும் சொல்லை ஆராயப் புகுவோர்க்குப் பொருத்தமான ஊராகும். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இங்கேதான் மறைந்தார். அக்குடும்ப மரபில் வந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் இவ்வூரிலேயே அச்சேறியது. சீறாப்புராணம் யாத்த உமறுப் புலவரின் அடக்கத்தலமும் இங்குதான் உள்ளது. தீட்சிதர்களின் கலையைச் சங்கீதம் என்கிறோம். சீறாவின் விருத்தங்களும் இராகத்தோடு பாடத் தக்கவையே. எனினும் அதனைச் சங்கீத நூல் என எவரும் கூறார். காப்பியம் என்றே கூறுவர். ஆக, ஓசை ஒன்றே ஒரு கலைக்குப் பெயரைத் தந்துவிடுவதில்லை.

சங்கீதம் என்னும் வடசொல்லின் பொருளே இதற்குச் சான்று. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், பாட்டு, வாத்தியம், ஆடல் ஆகிய மூன்றையும் சேர்த்தே அச்சொல்லால் குறித்தது. இன்றோ அதில் ஆடல் அடங்குவதில்லை. தமிழ்க் கிறித்தவர்களோ, தாவூது நபி (அலை) அவர்களோடு தொடர்புடைய வேதப் பாடல்களுக்கே சங்கீதம் எனப் பெயரிட்டனர். தமிழின் 'இசை' இன்னும் விரிந்தது. ஓசை, பண், புகழ் ஆகியன அதன் பொருள்கள். இசைதல் என்றால் உடன்படுதல், பொருந்துதல். புகழ் என்னும் பொருளில் அதன் எதிர்ச்சொல் வசை.

கரிசல் காட்டுச் சிற்றூர்களில் இவை அனைத்தையும் அடக்கும் பொதுச்சொல் பேச்சில் அரிதாகவே வரும். பாட்டுப் படிப்பார்கள், கும்மி அடிப்பார்கள், ஒப்பாரி வைப்பார்கள், மேளம் கொட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை உண்டு. நம் வீடுகளிலும் அவ்வாறே. மவ்லிது ஓதுகிறோம், பைத்து ஓதுகிறோம், பாங்கு சொல்கிறோம். பாங்கு பாடினார் என்று எவரும் சொல்வதில்லை. சிவாலயங்களில் தேவாரத்தைப் பண்ணோடு பாடுவோர்க்கும் ஓதுவார் என்றே பெயர். புனிதமான சொல்லை இனிய குரலில் வெளிப்படுத்தும்போது அதனைப் பாட்டினின்று பிரித்துக்காட்டத் தமிழ் தனி வினை ஒன்றை வைத்திருக்கிறது.

அரபி மொழி இப்பாகுபாட்டை மேலும் நுட்பமாகச் செய்கிறது. கினா என்பது பாடல். மஆஸிஃப் என்பது வாத்தியக் கருவிகள். ஸமாஉ என்பது செவிமடுத்தல். தர்தீல் என்பது குர்ஆனை நிறுத்தி நிதானமாக ஓதுதல். லஹ்ன் என்னும் சொல் மெட்டையும் குறிக்கும். தஜ்வீது கலையில் ஓதுதலில் நேரும் பிழையையும் குறிக்கும். மூஸீக்கா என்பதோ கிரேக்கத்திலிருந்து வந்தது. கலைத் தெய்வங்களாகிய மியூஸ்களின் பெயரடியாகப் பிறந்த அச்சொல், அப்பாஸியர் காலத்து மொழிபெயர்ப்புப் பணியின் வழியாக அரபி அறிவுலகில் வேரூன்றியது. 950இல் மறைந்த அல்ஃபாராபி தமது பெருநூலில், மூஸீக்கீ என்பதன் பொருள் மெட்டுகள் என விளக்கினார். இக்வானுஸ் ஸஃபா குழுவினர் அதனைக் கினா என்றே உரைத்தனர். திருக்குர்ஆனில் அச்சொல் இல்லை.

சொல்லின் பொருள் எத்துணை முக்கியம் என்பதற்கு ஒரு நபிமொழியே சான்று. குர்ஆனைக் கொண்டு 'தகன்னீ' செய்யாதவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்துடையது அது. கினா என எழுதும்போது நெட்டொலியோடு முடிந்தால் பாடல். குறுகி முடிந்தால் செல்வம், தேவையின்மை. எனவே சுஃப்யான் இப்னு உயைனா, குர்ஆனைக் கொண்டு தன்னிறைவு பெறுதல் எனப் பொருள் கொண்டார்கள். இமாம் ஷாஃபிஈ அதனை ஏற்கவில்லை. அதுவே கருத்தாயின் சொல் வேறு வடிவில் வந்திருக்கும். இங்கே குறிக்கப்படுவது குரலை அழகுபடுத்துதலே என்றார்கள். இரு பேரறிஞரும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து இரு வழி சென்றனர்.

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூது குடும்பத்தாரின் மிஸ்மார்களுள் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டுள்ளதாகப் பாராட்டினார்கள். மிஸ்மார் என்பது குழல். ஆயினும் இங்கே அது இனிய குரல் என்றே உரையாசிரியர்கள் விளக்கினர். கருவியின் பெயர் குரலுக்கு ஆகிவந்தது.

இத்தனை சொற்களையும் தமிழில் 'இசை' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் என்ன நேரும்? புகாரியில் மஆஸிஃப் பற்றி வரும் அறிவிப்பை 'இசை' எனப் பெயர்த்தால், கருவிகளைப் பற்றிய கூற்று குணங்குடியாரின் பாடல்மீதும் முனாஜாத்தின்மீதும் சீறாவின் விருத்தத்தின்மீதும் பாயும். மாறாக, ஸமாஉ குறித்து இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நிபந்தனைகளோடு கூறியதை 'இசை கேட்டல்' எனப் பெயர்த்தால், அந்த நிபந்தனைகள் மறைந்து எல்லா ஓசைக்கும் அனுமதிச் சீட்டு எழுதப்பட்டுவிடும். ஒருபுறம் நம் முன்னோரின் இலக்கியச் செல்வம் பழிக்கப்படும். மறுபுறம் அறிஞர்களின் பேணுதல் அழியும்.

ஹலால், ஹராம் எனத் தீர்ப்பளித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அது ஃபிக்ஹு அறிஞர்களின் பொறுப்பு. மொழிபெயர்ப்போரின் பொறுப்பு அதற்கு முந்தியது. கினாவைப் பாடல் என்றும், மஆஸிஃபை வாத்தியக் கருவிகள் என்றும், ஸமாஉவைச் செவிமடுத்தல் என்றும், தர்தீலை நிறுத்தி ஓதுதல் என்றும் எழுதத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கரிசல் உழவரும் வினையால் பிரித்தறியும் ஒன்றை ஏட்டில் நாம் கலந்துவிடலாகாது.